லிவா மணற்குன்றில் நடந்தே ஏற வேண்டும்: போய்வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

நெடுநடை (அபுதாபி) – 3 நவம்பர்

அபுதாபிக்கு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. முசஃபாவில் வேலை, அங்கேயே அறை. இத்தனை காலமும் பாலைவனத்தைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு முறை வேலையிடத்தில் எல்லோரையும் சஃபாரிக்கு அழைத்துப்போனார்கள். வண்டி குன்றில் ஏறி இறங்கிக் குலுக்கியதில் பாதிப் பேருக்கு வாந்தி. பிறகு கூடாரத்தில் ஆட்டம், பாட்டு, இரவுச் சாப்பாடு. அறைக்குத் திரும்பிச் செருப்பைக் கழற்றி உதறினேன். ஒரு சிட்டிகை மணல்கூட விழவில்லை. பாலைவனத்துக்குப் போய்வந்தேன் என்று வீட்டுக்குப் போன் செய்து சொல்ல அன்று மனம் வரவில்லை.

ஊரில் நிறைய மலை நடந்தவன் நான். வெள்ளியங்கிரி ஏழு மலையும் மூன்று முறை ஏறியிருக்கிறேன். வரும் ஜனவரியில் லிவா பக்கம் போய், பெரிய குன்று ஒன்றில் என் காலாலேயே ஏறி, மேலே உட்கார்ந்து விடியலைப் பார்க்க வேண்டும். நண்பர் கார் தருகிறார். சாதாரண கார்தான், மணலில் ஓடாது. எங்கே நிறுத்துவது, ஏற எவ்வளவு நேரம் பிடிக்கும், தண்ணீர் எவ்வளவு, தனியாகப் போகலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ருவைஸ்காரன் – 3 நவம்பர்

தம்பி, நான் இந்த மேற்குப் பகுதியில் 14 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். குளிர்காலத்தில் மாதம் ஒரு முறையாவது லிவா மணலில் நடக்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. வண்டி வாடகையைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம், காலால் ஏறுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

லிவா என்பது தனி ஓர் ஊர் அன்று. பிறை வடிவில் சுமார் 100 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கும் பேரீச்சந்தோப்புகளின் வரிசை. அதற்குத் தெற்கே ரப் அல் காலி தொடங்குகிறது. நம் அமீரகம், சவூதி, ஓமன், ஏமன் என்று நான்கு நாடுகளில் பரந்து கிடக்கும் அந்த மணல் ஏறத்தாழ 6,50,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அபுதாபியிலிருந்து மதீனத் ஸாயித் வழியாக முஸைரா என்னும் நடு ஊருக்குச் சுமார் 230 கிலோமீட்டர். அங்கிருந்து தெற்கே ஒரு தார்ச்சாலை குன்றுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து 25 கிலோமீட்டர் போல் போய், தல் முரீப் என்ற பெருங்குன்றில் முடிகிறது. அதன் உயரம் 300 மீட்டர் என்று சொல்வார்கள். ஆனால் நடப்பதற்கு நான் முரீப்பைச் சொல்லமாட்டேன். அது வண்டிக்காரர்களின் குன்று. டிசம்பர் கடைசியிலும் ஜனவரித் தொடக்கத்திலும் லிவா திருவிழா நடக்கும்போது இரவெல்லாம் அங்கே என்ஜின்கள் அலறும். முகட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்திருப்பது ஏறி வரும் ஓட்டுநருக்குத் தெரியாது. வண்டித்தடம் உள்ள எந்தக் குன்றிலும் முகட்டுக்குச் சற்றுக் கீழே மறைவாக உட்காராதீர்கள். இதை மறக்க வேண்டாம்.

அந்தச் சாலையில் வழியிலேயே, தடம் படாத குன்றுகள் இருபுறமும் நிற்கும். நூறு மீட்டரைத் தாண்டுபவை பல. வண்டி நிறுத்த அகலமான தார் ஓரம் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். தாரை விட்டு ஒரு சக்கரம்கூட இறங்கக் கூடாது. ஓரமணல் சாதாரண காரை அச்சுவரை விழுங்கிவிடும். முரீப்பைத் தாண்டித் தெற்கே போவதும் வேண்டாம், அது எல்லைப் பகுதி. முஸைராவிலேயே பெட்ரோல், தண்ணீர் எல்லாவற்றையும் நிரப்பிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் அரை நாள் நடைக்கு ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். அதில் ஒரு லிட்டர் திரும்பி வந்து காரில் ஏறும்வரை தொடக் கூடாதது.

தேரிக்காட்டான் (துபாய்) – 4 நவம்பர்

மலை ஏறியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பழக்கத்தைக் கீழேயே விட்டுவிட்டு ஏறுங்கள். மலையில் நேராக ஏறினால் உயரம் கிடைக்கும். மணலில் நேராக ஏறினால் ஓர் அடி வைத்து முக்கால் அடி சறுக்குவீர்கள்.

நான் சாத்தான்குளம் பக்கம் பிறந்தவன். எங்கள் செம்மணல் தேரி இங்குள்ள குன்றுகளைப் போல் உயரமில்லை. ஆனால் மணலில் நடக்கும் வித்தை எங்கும் ஒன்றுதான். ஒவ்வொரு குன்றுக்கும் இரண்டு முதுகு உண்டு. காற்று ஏறிவரும் பக்கம் சாய்வு குறைவாக, இறுக்கமாக, சிறு சிறு அலைவரிகளோடு இருக்கும். காற்று இறங்கும் பக்கம் செங்குத்தாக, வழவழவென்று, வரி இல்லாமல் இருக்கும். வரி உள்ள பக்கத்தில் ஏறுங்கள், வழவழப்பான பக்கத்தில் இறங்குங்கள். இங்கே பெரும்பாலும் வடமேற்குக் காற்று, ஷமால் என்பார்கள். அதனால் செங்குத்துப் பக்கம் தெற்கும் தென்கிழக்குமாக இருக்கும்.

முகட்டுக்கு வந்ததும் கத்தி முனை போன்ற அந்த விளிம்பிலேயே கால் வைக்காதீர்கள். விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே, காற்று வரும் பக்கமாக, பாதம் முழுவதையும் பதித்து நடங்கள். நுனிக்காலில் நடந்தால் புதையும். சின்ன அடி, ஒரே சீரான மூச்சு. முன்னால் போகிறவரின் தடத்திலேயே கால் வைத்தால் பின்னால் வருகிறவருக்குப் பாதி உழைப்பு மிச்சம். எங்கள் ஆச்சி பனங்கிழங்கு மூட்டையோடு தேரியில் அப்படித்தான் நடப்பாள், நாங்கள் ஐந்து பேரப்பிள்ளைகளும் அவள் தடத்திலேயே கால் வைத்து வரிசையாகப் பின்னால் போவோம்.

பழைய வாத்தியார் (அல் ஐன்) – 4 நவம்பர்

தேரிக்காட்டான் சொன்ன இரண்டு முதுகுக்கும் காரணம் சொல்கிறேன். பள்ளியில் இயற்பியல் நடத்திய பழக்கம், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காற்று மணலைத் தூக்கிக்கொண்டு பறப்பதில்லை. பெரும்பாலான மணல் தரையை ஒட்டித் தாவித் தாவித்தான் நகர்கிறது. ஒரு மணி விழும்போது வேறு சில மணிகளைத் தட்டி எழுப்பும், அவை தாவி விழுந்து இன்னும் சிலவற்றை எழுப்பும். இப்படி மோதி மோதி அடிபட்டதால் ஏறு பக்கம் இறுகிக் கிடக்கிறது. சாய்வும் 10 முதல் 15 டிகிரிதான். முகட்டைத் தாண்டியதும் காற்றின் பிடி விட்டுவிடுகிறது. மணல் அங்கேயே கொட்டுகிறது. உலர்ந்த மணல் குவியல் ஏறத்தாழ 34 டிகிரிக்கு மேல் நிற்காது, ஒரு மணி கூடினாலும் சரியும். அந்தச் சரிவுப் பக்கம் எப்போதும் விழும் நிலையிலேயே இருப்பதால்தான் கால் வைத்தால் முழங்கால்வரை போகிறது.

இதில் ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்கள் சரிவில் குகை தோண்டவோ ஆழமாகக் குழி பறிக்கவோ விடாதீர்கள். காலையில் பனி ஈரத்தில் மணல் சுவர்போல் நிற்கும். வெயில் ஏறி உலர்ந்ததும் ஓசையில்லாமல் இடிந்து மூடிவிடும். மார்புவரை மூடினாலே மூச்சு விட முடியாது.

நெடுநடை – 5 நவம்பர்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு சந்தேகம். வெறுங்காலா, காலணியா? இணையத்தில் பார்க்கும் படங்களில் எல்லோரும் வெறுங்காலோடு நிற்கிறார்கள்.

தனிவழி (துபாய்) – 5 நவம்பர்

வெறுங்கால்தான். காலணிக்குள் மணல் புகுந்தால் அரை மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் இரண்டு மடங்கு கனக்கும். விரல்களுக்கு இடையே கொப்புளம் வரும்.

தனியாகப் போகலாமா என்று கேட்டீர்கள். தனியாகத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. நான்கு பேர் சேர்ந்தால் பேச்சும் படமும்தான் மிஞ்சும். மணல்வெளியின் அமைதியை முழுவதும் அனுபவிக்க ஒருவர் போதும். ஆறு ஆண்டுகளாக அப்படித்தான் நடக்கிறேன்.

கயல் (ஷார்ஜா) – 5 நவம்பர்

காலணி விஷயத்தில் நான் உடன்படவில்லை. ஜனவரி விடியற்காலையில் மணல் பனிக்கட்டிபோல் குளிர்ந்திருக்கும், அரை மணி நேரத்தில் பாதம் மரத்துப்போகும். மரத்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. கொம்பு விரியன் மணலுக்குள் உடலைப் புதைத்துக் கண்ணும் கொம்பும் மட்டும் வெளியே தெரியக் கிடக்கும் ஊர் இது. குளிரில் அதன் நடமாட்டம் குறைவு என்றாலும் இருட்டில் வெறுங்காலோடு நடப்பது சரியில்லை. கணுக்காலை மூடும் காலணி போட்டு, அதன் வாயைச் சுற்றி மணல் புகாத துணியுறை கட்டிக்கொள்ளுங்கள். வெளிச்சம் வந்தபின், மேலே போய்க் கழற்றிக்கொள்ளலாம்.

தேரிக்காட்டான் – 5 நவம்பர்

கயல் அக்கா சொல்வதே சரி. தேரியில் பிறந்து வெறுங்காலிலேயே வளர்ந்த நானும் இங்கே காலணி இல்லாமல் ஏறுவதில்லை. பங்குனி உத்திரத்துக்கு அய்யனார் கோயிலுக்குப் போகும்போது நடுப்பகல் மணல் சுட்டால், ஆச்சி இலையுள்ள கிளை ஒன்றை, கொழை என்போம், ஒடித்துக் கையில் வைத்திருப்பாள். பத்தடி ஓடி, கொழையைக் கீழே போட்டு அதன்மேல் நின்று, மறுபடி எடுத்துக்கொண்டு ஓடுவோம். ஓட அங்கே மரநிழல் இருந்தது. லிவாவில் ஒடிக்கக் கொழையும் இல்லை, ஒதுங்க நிழலும் இல்லை.

ருவைஸ்காரன் – 6 நவம்பர்

தனியாகப் போவதைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியே ஆக வேண்டும். தனிவழி தம்பி வருத்தப்பட வேண்டாம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர். நாங்கள் மூன்று பேர். சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு ஐந்தரை மணிக்கு ஏறத் தொடங்கினோம். முதல் குன்று, ஒரு பள்ளம், இரண்டாவது குன்று. விண்மீன்கள் தெளிவாகத் தெரிந்தன. ஆறரை மணிக்குக் கீழே பள்ளத்தில் பால் கொட்டியது போல் ஏதோ நிரம்புவதைப் பார்த்தோம். அழகாக இருக்கிறது என்று படம்கூட எடுத்தோம். பத்து நிமிடத்தில் அது மேலே ஏறி எங்களை மூடிவிட்டது. மூடுபனி. நீட்டிய கை தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. சூரியன் வந்தபின் இன்னும் மோசம். எல்லாத் திசையும் ஒரே வெளிச்சம்.

எங்களில் ஒருவர் தடத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கிவிடலாம் என்றார். இருபது அடி இறங்கினோம். அங்கே மணல் சரிந்து தடத்தை மூடியிருந்தது. போனில் வண்டி நின்ற இடத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. அவருக்குப் படபடப்பு வந்துவிட்டது. "சாலை அந்தப் பக்கம்தான், எனக்குத் தெரியும்" என்று நடக்கத் தொடங்கினார். நான் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன். மூன்று பேரும் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்தோம். இரண்டே முக்கால் மணி நேரம். சட்டை நனைந்து குளிர் எலும்பில் ஏறியது. அவ்வப்போது ஒருவர் பேச, மற்ற இருவரும் பதில் சொல்வோம். ஒன்பதரைக்குப் பனி கிழிந்தபோது சாலை தெரிந்தது. அவர் "அந்தப் பக்கம்" என்று காட்டினாரே, அதற்கு நேர் எதிரில்.

அவர் தனியாக வந்திருந்தால் சட்டையைப் பிடித்திழுக்க அங்கே யாரும் இருந்திருக்கமாட்டார்கள். இந்த நாட்டில் குளிர்காலக் காலை மூடுபனி உள்நாட்டில் அடிக்கடி வருவது. முதல் நாள் இரவே வானிலை அறிவிப்பைப் பாருங்கள். வண்டி நிற்கும் இடத்தை இணையம் இல்லாமலும் வேலை செய்யும் வரைபடத்தில் குறித்து வையுங்கள். பள்ளங்களில் போன் சிக்னல் கிடைக்காது. எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை அறையில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அந்த நேரம் தாண்டினால் 999-ஐ அழைக்கச் சொல்லுங்கள். பனி வந்தால் உட்காருங்கள். அவ்வளவுதான்.

தனிவழி – 6 நவம்பர்

படித்தேன் அண்ணா. இரண்டு முறை படித்தேன். என் நடையெல்லாம் துபாய்க்கு அருகே அல் குத்ரா பக்கம், எந்த மேட்டில் ஏறினாலும் ஏதாவது ஒரு விளக்கோ சாலையோ தெரியும். லிவாவையும் அதையும் ஒன்றாக வைத்துப் பேசியது தவறு. முதல் முறை போகிறவர் தனியாகப் போக வேண்டாம் என்று என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். அமைதி வேண்டுமென்றால் நூறு அடி இடைவெளி விட்டு நடக்கலாம், அடுத்தவர் கண்ணில் படும்படி.

மணற்கால் (மஸ்கட்) – 8 நவம்பர்

ஓமன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் வஹீபா மணலில் பெருங்குன்றுகள் வடக்கு தெற்காக நீண்ட வரப்புகள்போல் கிடக்கின்றன, நடுவில் அகலமான தளங்கள். ஒரு வரப்பைப் பிடித்துக்கொண்டால் திசை தவறுவது அரிது. லிவாவில் குன்றுகள் பிறைகளாக ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், நடுவே சப்கா என்னும் உப்புத் தளங்கள் தீவுகள் போல் சிதறியிருக்கும். எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் முந்தைய பள்ளம் மாதிரியே இருக்கும். வஹீபா பழக்கத்தில் லிவா போய் நானும் ஒரு முறை அரை நாள் சுற்றினேன்.

கயல் – 12 நவம்பர்

நெடுநடை அண்ணாவின் இழையில் என் கேள்வியையும் கேட்டுக்கொள்கிறேன். டிசம்பரில் அப்பாவும் அம்மாவும் விருத்தாசலத்திலிருந்து வருகிறார்கள். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு முழங்கால் வலி. போன முறை வந்தபோது ஏப்ரல் மாதம், ஒரு சஃபாரிக்காரரிடம் பணம் கட்டி மூன்று மணிக்கே கிளம்பிவிட்டோம். வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, அரை மணி நேரம் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நிழல் ஏதும் இல்லை. அப்பா வியர்ப்பது நின்று, பேச்சு குழறியது. நல்லவேளையாக வண்டியில் ஏற்றிக் குளிரூட்டி, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். உடற்சூடு மூளையைத் தாக்கும் நிலை என்று மருத்துவர் சொன்னார். அதிலிருந்து பாலைவனம் என்றாலே அம்மா வேண்டாம் என்கிறார். ஆனால் அப்பா மணலைப் பார்க்க வேண்டும் என்று இன்னும் கேட்கிறார்.

பழைய வாத்தியார் – 12 நவம்பர்

அம்மா, நீங்கள் அன்று சரியாகச் செய்தீர்கள். குழறலும் தடுமாற்றமும் வந்துவிட்டால் அது வெறும் களைப்பு இல்லை. முதலில் குளிர்விக்க வேண்டும், உடனே 998-க்கு அழைக்க வேண்டும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பகலில் யாரும் மணலில் நடக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். கோடையில் நிழலில் 45 டிகிரி என்றால் மணலின் மேற்பரப்பு 65 டிகிரியையும் தாண்டும்.

டிசம்பரில் பெற்றோரை அபுதாபி அருகே அல் வத்பாவில் உள்ள கல்லான குன்றுகளுக்கு அழைத்துப்போங்கள். பழங்காலத்து மணற்குன்றுகளில் நிலத்தடி ஈரம் ஏறி, அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து மணிகளை ஒட்டிக் கல்லாக்கிவிட்டது. பிறகு காற்று அரித்து அரித்து அலையலையாகச் செதுக்கியிருக்கிறது. 2022-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாகத் திறந்தார்கள். நல்ல நடைபாதை உண்டு, முழங்கால் வலி உள்ளவரும் நடக்கலாம். கல்லில் தெரியும் சாய்ந்த கோடுகளை அப்பாவுக்குக் காட்டுங்கள். ஒவ்வொரு கோடும் ஒரு காலத்தில் மணல் சரிந்து விழுந்த ஒரு சரிவு. கல்லின்மேல் மட்டும் ஏற வேண்டாம், உதிர்ந்துவிடும்.

விருத்தாசலம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அங்கே விருத்தகிரீசுவரர் கோயிலின் தலமரம் வன்னி அல்லவா? இந்த நாட்டின் தேசிய மரமும் அதே வன்னிதான். இங்கே காஃப் என்கிறார்கள், 2008-இல் தேசிய மரமாக அறிவித்தார்கள். ராஜஸ்தானில் அதுதான் கேஜ்ரி. முப்பது மீட்டர் ஆழம்வரை வேர் விட்டு நீரைத் தேடும் மரம், மழையில்லாத மணலிலும் பச்சையாக நிற்கும். ஷார்ஜாவிலிருந்து ஹத்தா சாலையில் போனால் சிவந்த மணலில் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். அம்மாவிடம் காட்டுங்கள்.

தேரிக்காட்டான் – 13 நவம்பர்

வாத்தியார் ஐயா சிவந்த மணல் என்றதால் ஒரு கேள்வி. கடலோரத்தில் மணல் வெளிறியும் உள்ளே போகப் போகச் சிவந்தும் இருக்கிறதே, எங்கள் தேரிச் சிவப்பும் இதுவும் ஒன்றுதானா?

பழைய வாத்தியார் – 13 நவம்பர்

ஒரே காரணம்தான். மணியின்மேல் படிந்த இரும்பு ஆக்சைடின் மெல்லிய பூச்சு. கடலோர மணலில் சிப்பித் தூளும் சுண்ணாம்பும் அதிகம், அதனால் வெளுப்பு. தேரியில் அந்தப் பூச்சு இன்னும் கனம். உங்கள் ஊர் ஆடிக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்து மணலை அள்ளும் வேகம் ஷமாலுக்குச் சளைத்ததில்லை.

நெடுநடை – 20 ஜனவரி

போய்வந்துவிட்டேன். நானும் அறைத்தோழர்கள் இரண்டு பேரும். இந்த இழையில் சொன்ன எல்லாவற்றையும் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

திருவிழாக் கூட்டம் கலைந்தபின் போனோம். முதல் நாள் இரவு வானிலை அறிவிப்பில் மூடுபனி இல்லை. இரவு ஒன்றரை மணிக்கு முசஃபாவில் கிளம்பி, முஸைராவில் தேநீர் குடித்து, முரீப் சாலையில் பாதி வழியில் தாரிலேயே நிறுத்தினோம். ஐந்தேகால். காரின் கண்ணாடியில் 9 டிகிரி என்று காட்டியது. இடத்தைக் குறித்துக்கொண்டேன். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் அலைவரியுள்ள பக்கத்தைக் காலாலேயே தடவிக் கண்டுபிடித்தேன். பனியில் மேல்மணல் பொருக்குபோல் இறுகியிருந்தது, அடி வைத்தால் மெல்லிய அப்பளம் உடைவதுபோல் ஓசை. நான் முன்னால், தோழர்கள் என் தடத்தில். அவசரப்பட்டு ஒரு முறை நேராக ஏறப்போய் இருபதடி சறுக்கினேன். தேரிக்காட்டான் சொன்னது சறுக்கியபின்தான் காலுக்குப் புரிந்தது. முகட்டுக்கு 50 நிமிடம் ஆனது.

ஏழு மணி தாண்டிச் சில நிமிடங்களில் சூரியன் வந்தது. அதற்கு முன் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக, தட்டையாகத்தான் தெரிந்தது. முதல் கதிர் பட்டதும் ஒவ்வொரு முகட்டிலும் ஒரு கோடு எரிந்தது, அதன் கீழே நிழல் கறுத்தது. தெற்கே கண்ணுக்கெட்டியவரை அப்படியே போய்க்கொண்டிருந்தது. என் தோழர்களில் ஒருவர் இங்கு வந்து 19 ஆண்டுகள் ஆனவர். ஒன்றும் பேசாமல் காலணியைக் கழற்றி, இரண்டு காலையும் மணலில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

திரும்பும்போது தரையைப் பார்த்தே நடந்தேன். எத்தனை எழுத்து! வண்டு போன தடம் துணியில் போட்ட நுணுக்கத் தையல்போல் இரட்டை வரிசையாகக் குன்றின் குறுக்கே போகிறது. ஓரிடத்தில் ஒரு தடம் வந்து, மணல் சற்றே மேடிட்டு, அதோடு நின்றுவிட்டது. தோழர் விரலை விட்டதும் இரண்டு முழம் தள்ளி மணல் நெளிந்தது. மணல்மீன் என்று இங்கே சொல்லும் அரணை, மணலுக்குள்ளேயே நீந்திப் போகிறது. இன்னோரிடத்தில் சாய்வாக, ஒன்றுக்கொன்று ஒட்டாத கோடுகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கொக்கி. கயல் அவர்கள் சொன்ன விரியன் இரவில் பக்கவாட்டில் ஊர்ந்து போன தடம் என்று நினைக்கிறேன். நாங்கள் இருட்டில் ஏறிய வழியிலிருந்து பத்தடிதான். காலணி போட்டிருந்தோம்.

பதினொன்றரைக்குத் தெற்குச் சரிவில் குதிகாலை ஊன்றி இறங்கினோம். பாதிச் சரிவில் என் காலடியில் மணல் பாயாக வழுகத் தொடங்கியது. அப்போது ஓர் ஒலி எழுந்தது. தொலைவில் பெரிய விமானம் போவதுபோல் ஆழமான ஒற்றைச் சுருதி, காதைவிட நெஞ்சில்தான் முதலில் உணர்ந்தேன். நின்றால் நின்றது, இறங்கினால் மறுபடி வந்தது. வாத்தியார் ஐயா, இது என்ன?

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சாலைக்கு அருகில் உள்ள முதல் பள்ளத்தில் பிளாஸ்டிக் பைகளும் தட்டுகளும் காற்றில் உருண்டு கிடந்தன. ஒரு பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தோம். கையில் இருந்தது ஒரே பை.

பழைய வாத்தியார் – 20 ஜனவரி

நீங்கள் கொடுத்துவைத்தவர். அது பாடும் மணல். 22 ஆண்டுகளில் நான் மூன்றே முறை கேட்டிருக்கிறேன். நன்றாக உலர்ந்த, ஏறக்குறைய ஒரே அளவுள்ள மணிகள் பாயாகச் சரியும்போது, அத்தனை மணிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும் தாளம் ஒத்துப்போய்விடுகிறது. நொடிக்கு 100 அதிர்வுக்குப் பக்கத்தில், நம் தம்புராவின் கீழ்ச்சுருதி போல். ஈரம் இருந்தால் பாடாது. விடியலில் இறங்கியிருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள், தெற்குச் சரிவு வெயிலில் உலர்ந்தபின் இறங்கியதால் கிடைத்தது.

குப்பையைப் பொறுக்கியதற்கு நன்றி. ஒட்டகங்கள் பைகளைத் தின்று, அவை வயிற்றில் கல்போல் இறுகி இறந்துபோவதை இந்நாட்டுக் கால்நடை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

கயல் – 22 ஜனவரி

நாங்களும் போய்வந்தோம், எழுத நேரம் கிடைக்கவில்லை. அல் வத்பாவில் அப்பா ஒவ்வொரு கல்லின் கோட்டையும் நின்று பார்த்ததில் மூன்று மணி நேரம் ஆனது. மறுவாரம் ஹத்தா சாலையில் வன்னி மரத்தடியில் காரை நிறுத்தினோம். அம்மா இறங்கமாட்டேன் என்றவர், இலையைப் பார்த்ததும் இறங்கினார். கீழே கிடந்த ஒரு நெற்றை எடுத்துப் பார்த்து, "நம்ம கோயில் மரம்தான்" என்றார். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மேட்டில் ஓர் ஆள் உயரம் ஏறி உட்கார்ந்தார். அரை மணி நேரம் இருவரும் கீழே வரவில்லை.

தனிவழி – 23 ஜனவரி

நெடுநடை, அடுத்து எப்போது? என்னிடம் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி இருக்கிறது, மூன்று பேருக்கு இடம் உண்டு. வண்டி தாரிலேயே நிற்கும், ஏறுவது காலால்தான்.

நெடுநடை – 23 ஜனவரி

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, எங்களுக்கு அன்றுதான் விடுப்பு. நாலரை மணிக்கு முஸைரா பெட்ரோல் நிலையத்தில் சந்திப்போம். மூடுபனி அறிவிப்பு வந்தால் ஒரு வாரம் தள்ளிவைப்போம். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், காலணி, நெற்றி விளக்கு. குப்பை பொறுக்கப் பெரிய சாக்குகள் நான் கொண்டுவருகிறேன்.

ருவைஸ்காரன் – 23 ஜனவரி

நானும் வருகிறேன். சுக்குக்காபி என் பொறுப்பு.